கருஞ்சிலந்தியைத் திட்டும் கதீஷா

கதீஷாவின் வாயில் விழுந்து எழுந்தவர்கள் ஷூ ஆற்றங்கரையில் இரண்டு வகை. அவளிடம் வம்புக்குப் போனவர்கள் ஒரு வகை. அவர்கள் கொஞ்ச நாளைக்குப் பண்ணைக் கடைப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். கருஞ்சிலந்தி கடித்தவர்கள் இன்னொரு வகை. அந்த வாய் மட்டும் இல்லாவிட்டால் இன்றைக்கு நாங்கள் மண்ணுக்கடியில் என்று அவர்கள் ரொட்டியின் மேல் சத்தியம் செய்வார்கள்.

கராகுர்த் என்று நாங்கள் சொல்லும் அந்தக் கருஞ்சிலந்தி, பார்க்கப்போனால் ஒன்றுமே இல்லை. ஒரு கறுப்புப் பட்டாணி, அதற்கு எட்டுக் கால், அவ்வளவுதான். புதரடியிலோ எலிவளை வாயிலோ தாறுமாறாக நூலை இழுத்துக் கட்டிக்கொண்டு சிவனே என்று உட்கார்ந்திருக்கும். ஆனால் அது கடித்தால் ஒட்டகம் விழும், குதிரை விழும். ஆடு இருக்கிறதே, அது மட்டும் இந்தச் சிலந்தியைக் கீரை மாதிரி மென்று விழுங்கிவிட்டு அடுத்த புதருக்குப் போய்விடும். அதனால்தான் எங்கள் ஆட்கள் புது இடத்தில் கூடாரம் போடுவதற்கு முன்னால் மந்தையை ஒரு தடவை அந்த நிலத்தின் மேல் ஓட்டி விடுவார்கள். படுப்பதும் ஆட்டுக் கம்பளியின் மேல்தான். ஆட்டு வாடை அடிக்கிற இடத்தில் கருஞ்சிலந்தி கால் வைக்காது என்று எல்லாரும் நம்புகிறோம். சிலந்தியைக் கேட்டுப் பார்த்தவர் யாரும் இல்லை.

மனிதனைக் கடித்தால் முதலில் முள் குத்தினது போலத்தான் இருக்கும். தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பான். கொஞ்ச நேரத்தில் வலி வயிற்றுக்கு ஏறும், நெஞ்சுக்கு ஏறும், முதுகைப் பிடிக்கும். வயிறு பலகையாக இறுகிவிடும். வேர்த்துக் கொட்டும். ஓநாயைக் கம்பால் அடித்து விரட்டிய ஆம்பிளை தரையில் கிடந்து உருண்டு, நான் செத்தேன் செத்தேன் என்று அழுவான். அப்போதுதான் கதீஷாவுக்கு ஆள் போகும்.

அவள் செய்வது வைத்தியம்தான், ஆனால் மருந்து கிடையாது, மூலிகை கிடையாது. திட்டுவாள். கடிபட்டவன் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு சிலந்தியைக் கிழி கிழி என்று கிழிப்பாள். அதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் சிலந்தியின் குலத்தைத் திட்ட வேண்டும். அடுத்து விஷத்தை. கடைசியில் கடிபட்டவன் பெயரைச் சொல்லி, இன்னாருடைய உடம்பை விட்டு இறங்கு என்று உத்தரவு போட வேண்டும். பெயர் சொல்லாவிட்டால் எல்லாம் வீண். யாருடைய உடம்பிலிருந்து இறங்குவது என்று விஷத்துக்கு எப்படித் தெரியும்?

ஒரு தடவை எர்மெக் என்ற லாரி டிரைவர் முலாம்பழத் தோட்டத்தில் கடிபட்டுக் கிடந்தான். கதீஷா வந்து உட்கார்ந்தாள்.

"அடி எட்டுக்காலி, கட்டின புருஷனைக் கல்யாணத்தன்னைக்கே கடிச்சுத் தின்னவளே. கறுப்புக் கட்டியிருக்கியே, துக்கத்துக்கா கட்டினே? அழுக்குத் தெரியாம இருக்கக் கட்டினே. வீடு கட்டியிருக்கா பாரு வீடு, பூனை உருட்டின நூல்கண்டு இதைவிட அழகா இருக்கும். உனக்குக் கடிக்க இந்த எர்மெக்தானா கிடைச்சான்? இவன் கால் கழுவி எத்தனை மாசம் ஆச்சுன்னு தெரிஞ்சா வாய் வச்சே?"

"அக்கா, சிரிக்க வைக்காதே," என்று எர்மெக் முனகினான். "வயிறு கிழியுது."

"சிரிக்கிறவன் சாகமாட்டான். அழுதுக்கிட்டே சிரி, யாரு வேண்டாம்னா?"

பண்ணையின் வைத்திய உதவியாளர் கிம், மோட்டார் சைக்கிளில் மருந்துப் பெட்டியோடு வந்து சேரும்வரை அவள் வாய் ஓயவில்லை. கிம் கொரியாக்காரர். அவருடைய அப்பா காலத்திலேயே இந்தப் பக்கம் வந்து வெங்காயம் போட்டுப் பிழைத்த குடும்பம். எதற்கும் பதறாத மனிதர். வந்தவுடன் டீ கேட்பார், கையைக் கழுவுவார், ஊசி போடுவார்.

"நீ திட்டு, நான் குத்தறேன்," என்பார் கதீஷாவிடம். "ரெண்டுல எது வேலை செஞ்சாலும் எனக்குச் சம்மதம்."

"ஊசி போடுற வரைக்கும் ஆளைப் போகவிடாம பிடிச்சு வச்சிருந்தது யாரு?"

"நீதான் தாயே. இல்லேன்னு சொல்லி உன் வாயில நான் விழணுமா?"

இந்த வித்தை அவளுக்கு அவள் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் அந்தக் காலத்தில் மூன்று பண்ணைகளுக்குச் சிலந்தி திட்டினவர். முறைப்படி மகன் வாயில்தான் எச்சில் துப்பி வித்தையைக் கொடுக்க வேண்டும். மகன்கள் எல்லாம் சாதுக்களாகப் பிறந்து தொலைத்ததால், வேறு வழியில்லாமல் மகளைக் கூப்பிட்டு வாயைத் திற என்றார். அந்த எச்சில் இல்லாமலே இவளுக்கு நாக்கு நீளம்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவள் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

திட்டுவதோடு நிற்பவள் அல்ல அவள். கோடை தொடங்கினால் நகரத்திலிருந்து தமாரா என்ற ஆராய்ச்சிக்கார அம்மாள் லாரியில் கண்ணாடிக் குடுவைகளோடு வருவாள். கதீஷாதான் அவளுக்குச் சிலந்தி பிடித்துக் கொடுப்பாள். நீள இடுக்கியை எடுத்துக்கொண்டு புதர் புதராகப் போய், வலையை விலக்கி, கறுப்புப் பட்டாணியை நோகாமல் தூக்கிக் குடுவையில் போட்டு மூடுவாள். குடுவைக்கு ஒன்றுதான். இரண்டு போட்டால் மறுநாள் ஒன்றுதான் இருக்கும்.

"இதை வச்சு என்னதான் பண்றீங்க?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"லேசா மின்சாரம் காட்டினா விஷத்தைக் கக்கும்," என்றாள் தமாரா. "அதுல துளியூண்டு எடுத்துக் குதிரைக்கு ஊசி போடுவோம். குதிரை தாங்குற அளவுக்கு மட்டும். அப்புறம் கொஞ்சம் கூட்டுவோம். குதிரையோட ரத்தமே அந்த விஷத்துக்குப் பதில் தயார் பண்ணிக்கும். அந்தப் பதிலை எடுத்துத்தான் கிம் பெட்டியில வச்சிருக்கார்."

"அப்போ விஷத்தை ரத்தம் திட்டுது."

தமாரா சிரித்துவிட்டு, கிட்டத்தட்ட அப்படித்தான் என்றாள். அந்தப் பதில் கதீஷாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. தான் செய்வதையே ஒரு குதிரையும் செய்கிறது, அதற்கு அரசாங்கம் ஓட்ஸ் போட்டு வளர்க்கிறது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

"என் மருமக சிலந்திக்கு லாரி வச்சு வழியனுப்புறா," என்று அதைக் கேட்டு ஒருவர் முணுமுணுத்தார். "எனக்கு ஒரு கிண்ணம் டீக்குத்தான் வழியில்லை."

அது அவள் மாமனார். இங்கேதான் சங்கதியே இருக்கிறது. எங்களில் கல்யாணம் ஆகி வந்த பெண், புருஷன் வீட்டு ஆண்கள் பெயரைச் சாகும்வரை வாயால் சொல்லக் கூடாது. அவர்கள் காதில் விழாவிட்டாலும் கூடாது. அதனால் மருமகள்கள் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்து ஒப்பேற்றுவார்கள். கதீஷா வைத்த பட்டப்பெயர்கள் பண்ணை முழுக்கப் பிரசித்தம். கொழுந்தன் ஒருவனுக்கு 'சுருட்டை', புருஷனின் ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கு 'இருமல்'. மாமனாருக்கு மட்டும் ஒன்றும் வைக்கவில்லை. அவரை அத்தா என்றுதான் கூப்பிடுவாள். அத்தா என்றால் பெரியவர், அப்பா, தாத்தா எல்லாம்தான்.

அவர் மேல் அவளுக்கு அவ்வளவு மரியாதை. காரணம் உண்டு. அவள் கல்யாணமாகி வந்த புதிதில், அந்த நாக்கைப் பார்த்துப் பயந்துபோய், இவளைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். அத்தா டீயைக் குடித்து முடித்துக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுச் சொன்னார்: "வாய் பேசாத மருமக வேணும்னா ஆளுக்கொரு ஆட்டைப் பிடிச்சுட்டுப் போங்க. இவ இங்கதான் இருப்பா." அதோடு பேச்சு முடிந்தது. கதீஷா அதை மறக்கவே இல்லை.

மரியாதை வேறு, சண்டை வேறு. இருவருக்கும் தினமும் சண்டை. அவர் மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. கூடப் பிறந்தவர்கள், கூடச் சேர்ந்து குதிரை ஓட்டியவர்கள், ஒருவர்கூட மிச்சம் இல்லை. சண்டை போடவாவது ஆள் வேண்டாமா? கதீஷாதான் கிடைத்தாள். டீ ஆறிப்போச்சு என்பார். சூடாகக் கொடுத்தால் நாக்கு வெந்துபோச்சு என்பார். அவளும் சும்மா விடமாட்டாள். "அத்தா, உங்களுக்குப் பிடிச்ச மாதிரி டீ போட நான் இன்னொரு தடவை பிறந்து வரணும்," என்பாள்.

அந்தக் கோடையில் சண்டை அவருடைய கம்பளியைப் பற்றி வந்தது. அது அவர் கல்யாணத்தன்று விரித்த ஆட்டுக் கம்பளி. தண்ணீரைப் பார்த்ததே இல்லை. ஆட்டு வாடை, புகையிலை வாடை, சிந்தின குமிஸ் என்ற புளித்த குதிரைப்பால் வாடை எல்லாம் சேர்ந்து, அது இருக்கும் பக்கம் ஈக்கள்தான் சந்தோஷமாக இருந்தன. ஒரு நாள் அவர் குதிரையோடு ஆற்றுக்குப் போன நேரம் பார்த்து, கதீஷா அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கடையில் வாங்கின சோப்புத்தூள் போட்டு அலசித் துவைத்து வேலியில் காயப்போட்டுவிட்டாள்.

அவர் வந்து பார்த்தார். மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்தார். முகம் சுருங்கிவிட்டது.

"இது ஆட்டு மேலேர்ந்து வந்ததா, மருந்துக்கடையிலேர்ந்து வந்ததா?"

"நல்லா வாசமா இருக்கில்ல அத்தா?"

"என் ஆட்டைக் கழுவி ஊத்திட்டே கெலின்," என்றார். கெலின் என்றால் எங்களில் மருமகள். அவர் அவளை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார். "இனிமே இதுல நீயே படுத்துக்கோ."

கோட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று போய், வைக்கோல் போரின் நிழலில் வெறும் புல்லின் மேல் படுத்துக்கொண்டார். கூப்பிட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. முறுக்கிக்கொண்ட கிழவரை இழுத்தா வர முடியும்? கதீஷா பால் காய்ச்சப் போய்விட்டாள்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தபோது அவரே எழுந்து வந்தார். "முதுகுல ஏதோ முள்ளு குத்திச்சு," என்றார். சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். இடுப்புக்கு மேலே சிவப்பாக ஒரு புள்ளி. வைக்கோல் போருக்கு ஓடிப்போய், அவர் விட்டுவந்த கோட்டை உதறினாள். நசுங்கின கறுப்புப் பட்டாணி ஒன்று புல்லில் விழுந்தது.

இத்தனை வருஷமாக எத்தனையோ பேரைப் பார்த்தவள்தான். அன்றைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடித்த இடத்தில் உடனே தீக்குச்சித் தலையை வைத்துக் கொளுத்தினால் விஷம் அங்கேயே கருகிவிடும். அந்த நேரம் எப்போதோ போய்விட்டது. புருஷன் ஒமாரைக் கத்திக் கூப்பிட்டாள். மோட்டார் சைக்கிளை எடு, கிம் எங்கே இருந்தாலும் தூக்கிக்கொண்டு வா என்று விரட்டினாள். ஒமார் போன பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. கம்பளியைத் துவைக்காமல் இருந்தால் இவர் புல்லில் படுத்திருப்பாரா? வயசானவர். இதயம் எத்தனை அடியைத் தாங்கும்?

வலி ஏறத் தொடங்கியது. முதலில் அத்தா பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு, கதீஷா வேலியிலிருந்து எடுத்துவந்து கூடாரத்தில் அவருக்குக் கீழே விரித்த கம்பளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், அதே சோப்பு வாசனைக் கம்பளியை. வேர்வையில் தாடி நனைந்து தொங்கியது. பக்கத்துக் கூடாரத்துப் பாத்தேஷ் செய்தி கேட்டு ஓடிவந்து டீ கலக்க உட்கார்ந்தாள். கதீஷா தலைமுக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு அவள் திட்டின திட்டுக்கு அந்தச் சிலந்தி உயிரோடு இருந்திருந்தால் நாண்டுகொண்டு செத்திருக்கும். அதன் ஏழு தலைமுறையையும் இழுத்தாள். விஷத்தையும் விடவில்லை. "வர்றதுக்கு வேற உடம்பு கிடைக்கலையா உனக்கு? காஞ்ச தோலும் எலும்பும் கோபமும்தான் இங்க இருக்கு, இதுல என்ன சாப்பாடு கிடைக்கும்னு வந்தே?" அத்தா வலியிலும் மூக்கால் ஒரு சத்தம் போட்டார். சிரிப்புதான். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கடைசி உத்தரவுக்கு வந்தாள்.

"இறங்கு. இந்த..." என்றாள். நின்றுவிட்டாள்.

பாத்தேஷ் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

"அக்கா, பேரை நீ சொல்லேன்," என்றாள் கதீஷா குரலைத் தாழ்த்தி.

"நான் எப்படிடி சொல்வேன்? நானும் இந்தக் குலத்துக்குத்தானே மருமகளா வந்தேன். அதுவும் உத்தரவு போடுறவ வாயிலேர்ந்துதானே வரணும்?"

உண்மைதான். அந்தக் கரையில் எல்லாரும் ஒரே குலம். எந்த வீட்டு மருமகள் வாயிலும் அவர் பெயர் வராது. ஆண்களுக்கோ அவர் அத்தா.

"அத்தாவோட உடம்பை விட்டு இறங்கு," என்று கதீஷா சொல்லிப் பார்த்தாள்.

"இந்தப் புல்வெளியில எத்தனை அத்தா இருக்காங்க?" என்றாள் பாத்தேஷ். "விஷம் யாருன்னு எடுத்துக்கும்?"

"என் வீட்டுக்காரரோட அப்பா உடம்பை விட்டு இறங்கு. சாம்பல் குதிரைக்காரர் உடம்பை விட்டு இறங்கு. குறட்டை விட்டா கூடாரக் கம்பெல்லாம் ஆடுமே, அவர் உடம்பை விட்டு. கடைசி பௌர்சாக் ரொட்டியைக் கையில எடுத்துக்கிட்ட பிறகு, யாருக்காவது வேணுமான்னு கேட்பாரே, அவர் உடம்பை விட்டு இறங்கு."

"கேட்டேனா இல்லையா?" என்றார் அத்தா கண்ணை மூடியபடி. "கேட்டேனில்ல?"

"கேட்டீங்க அத்தா. வாயில போட்டுக்கிட்டுக் கேட்டீங்க."

பாத்தேஷ் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். இவ்வளவு அடையாளம் சொல்லியும் விஷத்துக்குப் புரியவில்லையோ, புரியாத மாதிரி நடித்ததோ, இறங்குவதாகக் காணோம். வலி இன்னும் ஏறியது. வயிறு கல்லாக இறுகியது. அத்தா சிரிப்பதை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரத்தில் முனகுவதையும் நிறுத்திவிட்டார். வலியில் கத்துகிறவர்களைக் கதீஷாவுக்குத் தெரியும். கத்தாமல் விட்டுவிடுகிறவர்களைப் பார்த்துத்தான் அவள் பயந்தாள்.

"அத்தா, கண்ணைத் திறங்க. ஏதாவது சொல்லுங்க. டீ ஆறிப்போச்சுன்னாவது சொல்லுங்க."

"போதும் கெலின்." குரல் எங்கேயோ தூரத்திலிருந்து வந்தது. "விட்டுடு. அந்தப் பக்கம் கூப்பிடுறாங்க."

"யாரு கூப்பிடுறா?"

"எல்லாரும்தான். எங்கம்மா. என் தம்பி. அவளும்." அவள் என்றால் போய்ச் சேர்ந்த மனைவி. "பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க. இங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட யார் இருக்கா? இங்க நான் அத்தா. அங்க போனா நான் வெறும் பையன்தான்."

இத்தனை வருஷம் ஒரே கூடாரத்தில் இருந்து, தினம் டீ ஊற்றிக் கொடுத்து, சண்டை போட்டும், அந்த மனிதரின் பெயரை யாருமே சொல்வதில்லை என்பது கதீஷாவுக்குத் தோன்றவே இல்லை. மரியாதை மரியாதை என்று சொல்லி எல்லாருமாகச் சேர்ந்து அதைப் பூட்டி வைத்துவிட்டார்கள். அவரைப் போகவிட அவளால் முடியாது. அது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"மைலிபாய்," என்றாள்.

முதல் தடவை சத்தமே வரவில்லை. நாக்கு அந்த எழுத்துகளைப் பழகியிருக்கவில்லை. அத்தாவின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கதீஷா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஆற்றின் அக்கரைக்குக் கேட்கிற குரலில் கத்தினாள்.

"ஏ மைலிபாய். கூப்பிடுறது காதுல விழுதா இல்லையா? எங்கேடா கிளம்பிட்டே? ஆட்டை யாரு பார்ப்பா? குதிரைக்குத் தண்ணி யாரு காட்டுவா? அவங்க கூப்பிட்டா ஓடுறே, நான் கூப்பிட்டா உனக்குக் காது கேக்காதா? மைலிபாய்."

பாத்தேஷின் கையிலிருந்த டீக் கிண்ணம் கீழே விழுந்து உருண்டது.

கிழவர் கண்ணைத் திறந்தார். யாரைத் தேடுகிறோம் என்று தெரியாதவர் போலக் கூடாரத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, தாய் கூப்பிட்டதும் மேய்ச்சலுக்குப் போன இடத்திலிருந்து பையன்கள் பதில் சொல்வார்களே, அந்தக் குரலில் சொன்னார்.

"வர்றேன்."

"வரவேண்டாம். படுத்த இடத்திலேயே கிட. கூப்பிட்டா பதில் மட்டும் சொல்லு. மைலிபாய்."

"ம்."

"மைலிபாயோட உடம்பை விட்டு இறங்கு, எட்டுக்காலி பெத்த விஷமே. மைலிபாய்."

"இங்கதான் இருக்கேன். வலிக்குது."

"வலிக்கட்டும். வலிக்கிறதைச் சொல்லு, சத்தம் போட்டுச் சொல்லு. மைலிபாய்."

இப்படியே போனது. அவள் கூப்பிட, அவர் பதில் சொல்ல. குரல் தேய்ந்தபோதெல்லாம் இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். நடுநடுவே அவரையும் திட்டினாள், சிலந்தியையும் திட்டினாள். யாருக்கு எந்தத் திட்டு என்பது பாத்தேஷுக்கே புரியவில்லை. வெயில் சாயத் தொடங்கியபோது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஒமார் வாசலில் வந்து நின்றான். தன் மனைவி தன் அப்பாவைப் பெயர் சொல்லி, அதுவும் 'டா' போட்டுக் கத்துவதைக் கேட்டு அப்படியே மரமாக நின்றுவிட்டான். கிம் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"மைலிபாய் யாரு?" என்றார் கிம், பெட்டியைத் திறந்துகொண்டே. "கடிபட்டவங்க ரெண்டு பேரா? என்கிட்ட ஒரு ஆளுக்குத்தான் மருந்து இருக்கு."

"நான்தான் அந்த ஆளு," என்றார் கிழவர்.

கிம் கையைக் கழுவினார். குதிரை ரத்தம் தயார் பண்ணின பதிலை ஏற்றினார். கூடவே நரம்பில் இன்னொரு மருந்து. இந்தத் தடவை அவர் டீ கேட்கவில்லை, நாடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இருட்டுவதற்குள் வயிறு இளகியது. மைலிபாய் புரண்டு படுத்து, குறட்டை விட்டுத் தூங்கிப்போனார். கூடாரக் கம்புகள் லேசாக ஆடின. கதீஷா வெளியே வந்து வைக்கோல் போரின் பின்னால் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள்.

உயிர் பிழைத்தாயிற்று. மானம் பிழைக்க வேண்டுமே. மாமனாரைப் பெயர் சொன்ன மருமகள் என்று கரை முழுக்கப் பேச்சு. 'இருமல்' சித்தப்பா இரண்டு பண்ணை தாண்டி வந்து இருமிவிட்டுப் போனார்.

"எங்கப்பாவை 'டா' போட்டுட்டியே," என்றான் ஒமார்.

"விஷத்தைத்தான் சொன்னேன்."

"விஷத்துக்கு எங்கப்பா பேரையா வச்சிருக்காங்க?"

அன்றிலிருந்து கதீஷா அடங்கிப்போனாள். வாழ்க்கையில் முதல் தடவை. முக்காட்டைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, காலையில் மாமனாருக்குக் குனிந்து வணக்கம் சொல்லி, டீயை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். டீ ஆறிப்போச்சு என்று அவர் சொன்னாலும், "சரி அத்தா," என்று வேறு கிண்ணம் கொண்டுவந்து வைப்பாள். சண்டை கிடையாது. கூடாரத்தில் அப்படி ஒரு அமைதி, ஆடுகளுக்கே பொறுக்கவில்லை.

இப்படி இருக்கும்போது அத்தாவுக்கு ஒரு புது வியாதி வந்தது. பட்டிப்பக்கம் வேலையாக இருப்பவர் திடீரென்று எழுந்து கூடார வாசலுக்கு வருவார்.

"கூப்பிட்டியா கெலின்?"

"இல்லையே அத்தா."

"கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

திரும்பிப் போய்விடுவார். சாயங்காலம் மறுபடியும் வருவார். "கூப்பிட்டியா?" மறுநாள் குதிரைக்குச் சேணம் போட்டவர் அதைப் பாதியில் விட்டுவிட்டு வருவார். "யாரோ கூப்பிட்டாங்களே." ஒமாருக்குக் கவலை வந்துவிட்டது. விஷம் காதில் தங்கிவிட்டதோ என்று கிம்மைக் கூட்டிக்கொண்டு வந்தான். கிம் சாவகாசமாக டீ குடித்தார். கிழவரின் இரண்டு காதிலும் விளக்கடித்துப் பார்த்தார்.

"காது நல்லா இருக்கு," என்றார். "கேக்க நினைக்கிறது கேக்கலை, அவ்வளவுதான்."

ஒமாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கதீஷா அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டாள். கிம் போகும்போது அவளைப் பார்த்துத் தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டார்.

அதற்கு அடுத்து ஒரு காலை. ஒமாரும் மற்றவர்களும் கம்பளி கத்தரிக்கிற இடத்துக்குப் போயிருந்தார்கள். பாத்தேஷ் கடைக்குப் போயிருந்தாள். கதீஷா இரண்டு கிண்ணம் எடுத்து வைத்து டீ கலந்தாள். வாசலுக்கு வந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். புல்வெளியில் ஒரு ஈ காக்கை இல்லை. பட்டி ஓரத்தில் கிழவர் ஒருத்தர் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு கடிவாளம் தைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. கருஞ்சிலந்தியை வெறும் கையால் பிடித்தால்கூட அப்படி அடித்திருக்காது.

"மைலிபாய்," என்று கூப்பிட்டாள். "டீ ஆறுது."

கிழவரின் கை நின்றது. உடனே திரும்பவில்லை. ஊசியைப் பத்திரமாகத் தொப்பியில் குத்தி வைத்துவிட்டு, மெதுவாக எழுந்தார்.

"வர்றேன், வர்றேன். எதுக்கு ஊரைக் கூட்டுறே?"

உள்ளே வந்து, துவைத்த கம்பளியின் மேல் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கதீஷா கிண்ணத்தை நீட்டினாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"சர்க்கரை போடட்டுமா அத்தா?"

"அத்தாவுக்கு வேண்டாம்," என்றார் அவர். "மைலிபாய்க்கு ரெண்டு கட்டி போடு."